இருநூறு மூடிகள்

மனைவி மேல் சந்தேகம் என்று யாராவது படியேறி வந்தால், ரேடியோ முதல் காரியமாக மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைப்பாள். அப்படி வருகிறவர்களுக்கு முதல் பத்து நிமிஷம் வேர்த்துக் கொட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்த மருந்துக்கடைக்காரருக்கு இரண்டு புள்ளி கூட்டியும் போதவில்லை.

ரேடியோ என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. வாயை மூடத் தெரியாததால் அக்கா வைத்த பெயர். அக்கா என்பதும் உறவு இல்லை. அவர் இருபது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பொறுக்கி எடுக்கும் திறமை முற்றிப்போய், வேலையை விட்டுவிட்டு, சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை பிடித்துத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். ரேடியோ அவருடைய உதவியாளர். சம்பளத்தில் பாதி வேலை செய்ய, மீதிப் பாதி பேசாமல் இருக்க என்று ஏற்பாடு. அந்த மீதிப் பாதியை அவள் ஒரு மாதம்கூட நியாயமாகச் சம்பாதித்ததில்லை.

மருந்துக்கடைக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அவரும் அவர் மனைவியின் அண்ணனும் கூட்டாகக் கடை நடத்துகிறார்கள். கீழே கடை, மேலே இவருடைய வீடு, பக்கத்துத் தெருவில் மச்சான் வீடு. இப்போது இரண்டு மணி நேரப் பயணத்தில் இன்னொரு ஊரில், புது ஆஸ்பத்திரிக்கு எதிரே, இரண்டாவது கடை தயாராகிவிட்டது. இரண்டு பேரில் ஒருவர் அங்கே குடிபோக வேண்டும். இரண்டு பேருக்கும் மனசில்லை. பேசித் தீர்க்கப் போனால் சண்டை வரும் என்று பயந்து, ஒரு சீட்டாட்டம் ஆடித் தீர்த்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறார்கள். போக்கர். எதிரும் புதிருமாக இரண்டே பேர். ஆளுக்கு நூறு மருந்து பாட்டில் மூடிகள். யாருடைய மூடி தீர்ந்துபோகிறதோ அவர் பெட்டி கட்ட வேண்டும். இன்று மதியம் மூன்று மணிக்கு ஆட்டம்.

கை பழக ஒரு மாதமாக மதிய இடைவேளையில் ஆடியதில் பன்னிரண்டு ஆட்டம் முடிந்திருந்தது. இவர் பதினொன்றில் தோற்றிருந்தார்.

ஜெயித்த அந்த ஒன்று எப்படி என்று ரேடியோ விசாரித்தாள். அன்று மச்சானுக்குப் பல்வலி என்றார் அவர். அப்படியானால் இன்றைக்கும் ஒரு பல்லுக்கு ஏற்பாடு பண்ணலாமே, செலவு குறைச்சல் என்றாள் ரேடியோ. அக்கா மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

அவருடைய புகார் இதுதான். கையில் நல்ல சீட்டு வந்தால் போதும், மச்சான் உடனே தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். குப்பைச் சீட்டு வந்தால் ஏறி மிதிக்கிறார். கண்ணாடி வைத்துப் பார்ப்பது மாதிரி அவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தின் நடுவே அந்த அறைக்குள் வருகிறவர் ஒரே ஆள்தான். டீ கொண்டுவரும் மனைவி. இவர் முதுகுக்குப் பின்னால் நடந்து வந்துதான் கோப்பையை வைப்பாள். கோப்பையின் காது ஒருநாள் இடப்பக்கம் இருக்கும், ஒருநாள் வலப்பக்கம் இருக்கும். அதை ஒரு மாதமாகத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதமாக அவர் படுக்கை கூடத்தில்தான்.

"கடை போனாப் போகட்டும்மா. வேற ஊருக்குப் போறதைக்கூடப் பொறுத்துக்குவேன்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவ, அண்ணன் பக்கம் நின்னு என் கையைக் காட்டிக் கொடுத்திருந்தா, அவளோட நான் எந்த ஊர்லயும் குடித்தனம் பண்ண முடியாது. இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க."

அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணிக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கிவிடும். பின்னால் சரக்கு அறை. கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள், ஊசி மருந்து வைக்கிற சின்னக் குளிர்ப்பெட்டி, ஒரு கண்ணாடி பீரோ, நடுவில் பச்சைத் துணி விரித்த மடக்கு மேஜை. முடிவான ஆட்டத்துக்குச் சீட்டுப் போட வெளியாள் ஒருத்தர் வேண்டும் என்று மச்சானே சொல்லியிருந்ததால், ரேடியோ சீட்டுப் போடுகிறவளாகவும் அக்கா மூடி எண்ணுகிறவராகவும் உள்ளே நுழைய எந்தச் சிரமமும் இருக்கவில்லை. மூன்று மணிக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார் அக்கா. மச்சான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

மச்சான் நல்ல பருமன். சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து சிரிக்கும். "மாப்பிள்ளை ஆள் கூட்டிட்டு வந்திருக்கார்னா இன்னைக்கு என்னை ஊரை விட்டே துரத்தப் போறார்" என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டு மூடிகளை அடுக்க ஆரம்பித்தார். களவாணி இவ்வளவு கலகலப்பாக இருந்தால் பிடிக்கவே மனசு வராது என்று ரேடியோ நினைத்தாள்.

ஆட்டம் சுலபம்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஆளுக்கு ஓரிரு மூடி கட்டாயம் நடுவில் போட்டாக வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. பிறகு மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று என்று ஐந்து சீட்டு திறந்து வைக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் மூடிகளைப் பந்தயம் வைக்கலாம், ஏற்றலாம், பயந்தால் கவிழ்த்துவிட்டுப் போகலாம். கடைசி வரை நின்றால் யார் கை பெரிதோ அவருக்கு நடுவில் கிடப்பதெல்லாம்.

முதல் பத்துச் சுற்றில் டீ வந்தது. மனைவி ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. கோப்பைகளை வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். மருந்துக்கடைக்காரர் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, டீயையும் தொடவில்லை. அடுத்த டீக்கு அக்கா படிக்கட்டிலேயே போய் நின்று தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். இரண்டு கோப்பையின் காதையும் மேஜைக்கு நடுப்பக்கமாகத் திருப்பி வைத்தார். அந்தச் சுற்றிலும் மாப்பிள்ளைக்கு ஜோடி ஜாக்கி வந்தபோது மச்சான் கொட்டாவி விட்டுக்கொண்டே சீட்டைக் கவிழ்த்தார்.

அக்கா கண்ணாடி பீரோவைத் துண்டு போட்டு மூடினார். வெயில் கண்ணைக் கூசுகிறதாம். பிறகு நாற்காலிகளை இடம் மாற்றச் சொன்னார். முதுகுக் காற்று ஆகவில்லையாம். கடைசியில், பழைய கட்டு பிசுபிசுக்கிறது என்று தன் பையிலிருந்து பிரிக்காத புதுக்கட்டை எடுத்து ரேடியோவிடம் கொடுத்தார். எதுவும் மாறவில்லை. மாப்பிள்ளையின் மூடிகள் கரைந்துகொண்டே போயின.

"டீ மாறியாச்சு, நாற்காலி மாறியாச்சு, கட்டும் மாறியாச்சு" என்று ரேடியோ கட்டைக் கலைக்கிற சாக்கில் அக்காவின் காதருகே முணுமுணுத்தாள். "இனி மாத்த வேண்டியது மச்சானைத்தான். அவருக்குப் பதிலா நான் வாக்கப்பட்டு வந்தாத்தான் உண்டு."

அப்போது யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

வெளியே ஒரு அம்மாள், கையில் டாக்டர் சீட்டு. இதயத்துக்கான மாத்திரை தீர்ந்துவிட்டதாம், கூடவே ஒரு கட்டுப் பஞ்சும் வேண்டுமாம். மருந்துக்கடைக்காரர் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அக்கா கதவுச் சந்தில் நின்று பார்த்தார். கடைக்காரர் பஞ்சைப் பார்க்காமலே எட்டி எடுத்துக் கொடுத்தார். மாத்திரை அட்டையை எடுத்துப் படித்தார், மேஜைமேல் வைத்தார், டாக்டர் சீட்டைப் பார்த்தார், மறுபடி அட்டையைத் தூக்கி இன்னொரு தடவை படித்தார். அதற்குப் பிறகுதான் கொடுத்தார்.

அக்கா திரும்பியபோது அவர் முகத்தில் ரயில் பெட்டியின் கடைசி இருக்கைக்கு வந்து சேர்ந்துவிட்ட திருப்தி இருந்தது. ரேடியோவுக்கு அந்த முகம் தெரியும். ஆனால் எதைப் பார்த்து வந்த முகம் என்று மட்டும் விளங்கவில்லை.

*

இரண்டரை மணிக்கு மச்சான் கை கழுவப் போன நேரத்தில், அக்கா மருந்துக்கடைக்காரரைக் கல்லாவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார்.

உங்கள் மனைவி எந்த ஜாடையும் காட்டவில்லை என்றார் முதலில். அவர் கண்ணை மூடித் திறந்தார். மச்சானும் திருட்டாட்டம் ஆடவில்லை என்றார் அடுத்து.

"அப்போ என் சீட்டை அவருக்கு யார் சொல்றாங்க?"

"நீங்கதான்."

அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

"ரயில்ல நான் பெட்டிக்குள்ள ஏறினதும் டிக்கெட் இல்லாதவன் ஜன்னலைப் பார்ப்பான். டிக்கெட் இருக்கிறவன் பையைத் தொட்டுப் பார்ப்பான். பத்திரமா இருக்கான்னு" என்றார் அக்கா. "நீங்க பஞ்சைப் பார்க்கிறதே இல்லை. ஆபத்தான மாத்திரையை ரெண்டு தடவை பார்க்கிறீங்க. சீட்டுலயும் அதையேதான் பண்றீங்க. குப்பை வந்தா ஒரு தடவை பார்த்துட்டு வெச்சுடுறீங்க. நல்லது வந்தா ஒரு நிமிஷம் கழிச்சு ஓரத்தைத் தூக்கி இன்னொரு தடவை. உங்க பக்கத்துல நின்னு பல வருஷமா மருந்து கொடுத்தவர் உங்க மச்சான். அவருக்கு இது தெரியாம இருக்குமா?"

ரேடியோவின் பங்குக்கு ஒரு கணக்கு இருந்தது. சீட்டுப் போட்டுக்கொண்டே அவள் எண்ணியிருந்தாள். நாற்பது சுற்றில் முப்பத்தொன்றில் மருந்துக்கடைக்காரர் நடுச் சீட்டு திறக்கும் முன்பே கவிழ்த்துவிட்டார். மீதி ஒன்பதில் நல்ல சீட்டோடு நின்றார். அதில் ஏழில் மச்சான் ஓடிவிட்டார்.

"நீங்க டாக்டர் சீட்டு இல்லாம மருந்து கொடுக்க மாட்டீங்க. சரி. ஆனா மூடியையும் அப்படியே பூட்டி வெச்சா எப்படி?" என்றாள் ரேடியோ. "எட்டுப் பேர் ஆடுற மேஜைன்னா யாருக்காவது நல்லது வந்திருக்கும், காத்திருக்கலாம். எதிர்ல இருக்கிறது ஒரே ஆள். அவர் கையிலயும் பாதி நேரம் குப்பைதான். ரெண்டு குப்பையில முன்னால மூடியைத் தள்ளுற குப்பை ஜெயிக்கும். ஒரு ராஜாவோ ஆஸோ தனியா வந்தாலே பெரிய மனுஷன் வந்த மாதிரி நினைச்சுக்குங்க."

அக்கா அதற்குக் கொஞ்சம் ஒழுங்கு சேர்த்தார். சீட்டைப் போடுவது ரேடியோ என்றாலும், போடும் முறை சுற்றுக்குச் சுற்று ஆள் மாறும்; அது உங்கள் பக்கம் இருக்கும்போது, நடுச் சீட்டு திறந்தபின் மச்சான்தான் முதலில் வாய் திறக்க வேண்டும், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்கள் செய்யலாம். அதனால் அந்தச் சுற்றுகளில் கிட்டத்தட்ட எதையும் கவிழ்க்காதீர்கள், ஏற்றுங்கள். அவர் முறையில் மட்டும் கொஞ்சம் பார்த்து நடங்கள். அப்புறம், எப்போதாவது படுகுப்பை வரும்போது அதையும் இரண்டு தடவை பாருங்கள்.

அங்கேதான் சிக்கியது. மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். மூடி தள்ளுவதெல்லாம் செய்துவிடலாம். ஆனால் அந்த இரண்டாம் பார்வை அவர் கையிலேயே இல்லை. தேவையில்லாததை இரண்டு தடவை பார்க்க அவருக்கு வராது. அப்படி நடித்தால் காது சிவந்துவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானாம்.

சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் மிச்சமிருந்தது. ரேடியோதான் சொன்னாள், கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள்.

"நீங்க எதை ரெண்டு தடவை பார்ப்பீங்க? ஆளைக் கொல்லக்கூடியதை. நாப்பது மூடியைப் பந்தயம் வெச்சுட்டுக் கையில குப்பை இருந்தா, அதைவிட ஆளைக் கொல்லக்கூடியது இந்தக் கடையில வேற என்ன இருக்கு?"

மருந்துக்கடைக்காரர் அவளையே பார்த்தார். மருந்து மாற்றிக் கொடுக்க இருந்தவர் கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டதைப் போல அவர் முகம் தெளிந்தது.

*

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மனைவி மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் அரைமணி நேரம் மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜாவும் நாலும் வந்தால் மாப்பிள்ளை ஏற்றினார். ஜாக்கியும் ஆறும் வந்தாலும் ஏற்றினார். தன் முறை வந்தபோதெல்லாம் ஏற்றினார். மச்சான் கவிழ்த்துக் கவிழ்த்து, இரண்டும் மூன்றுமாக மூடிகள் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன. வீட்டில் வளர்ந்த பூனை திடீரென்று குரைத்த மாதிரி அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆனாலும் அவரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டாம் பார்வை விழாதவரை பயமில்லை என்று அவர் தைரியமாக எதிர்த்தும் ஆடினார். கொஞ்சம் திரும்பியும் பிடித்தார்.

அப்புறம் ரேடியோ போட்ட ஒரு சுற்றில் மருந்துக்கடைக்காரருக்கு மூன்றும் இரண்டும் வந்தது, வேறுவேறு இனத்தில். இருவர் ஆட்டத்தில் அதைவிட மட்டமான கை கிடையாது. அவர் ஏற்றினார். மச்சான் கூடவே வந்தார். நடுவில் மூன்று சீட்டு திறந்தது, எதுவும் இவருக்கு உதவவில்லை. அவர் முப்பது மூடியைத் தள்ளினார். தள்ளிய பிறகு தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கி, நிஜமான கவலையோடு, இன்னொரு தடவை பார்த்தார்.

மச்சான் உடனே பின்னால் சாய்ந்தார். தன்னிடம் ஜோடி எட்டு இருப்பதைத் திறந்து காட்டிவிட்டு, மாப்பிள்ளைக்கு மரியாதை செய்கிறேன் என்று கவிழ்த்தார்.

மருந்துக்கடைக்காரர் மூடிகளை இழுத்துக்கொண்டு, தன் இரண்டு சீட்டையும் மெல்லத் திருப்பி வைத்தார். மூன்று. இரண்டு.

நாற்காலி சிரிக்கவில்லை. மச்சான் அந்த இரண்டு சீட்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் ஆடியது வேறு ஆட்டம். எதையும் நம்ப முடியாமல், தன் முறைக்கு முன் மூன்று தடவை யோசித்து, தப்பான இடத்தில் ஏற்றி, தப்பான இடத்தில் ஓடினார்.

நாலேகால் மணிக்கு மாப்பிள்ளையிடம் நூற்று முப்பது, மச்சானிடம் எழுபது. ரேடியோ போட்ட சீட்டை மருந்துக்கடைக்காரர் பார்த்தார். ஐந்து மூடி ஏற்றினார். மச்சான் பதினைந்தாக்கினார். மருந்துக்கடைக்காரரின் கை தன்னால் சீட்டுக்குப் போனது. ஓரத்தைத் தூக்கி இரண்டாம் தடவை பார்த்தார். அது நடிப்பா பழக்கமா என்று ரேடியோவுக்கே தெரியவில்லை. அவர் மூடிகள் அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

மச்சான் அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். காது சிவக்கவில்லை; ஆனால் மூன்றும் இரண்டும் வைத்து ஏமாற்றியபோதும் சிவந்திருக்கவில்லை. "ஒரு தடவை ஏமாறலாம் மாப்பிள்ளை" என்று சொல்லி, எழுபதையும் தள்ளிவிட்டு, ஆஸும் பத்தும் திறந்தார்.

மருந்துக்கடைக்காரர் திறந்தது ஜோடி ராஜா.

ரேடியோ நடுச் சீட்டுகளைத் திறந்தாள். நாலு, ராணி, எட்டு. ஒரு ஆஸ் விழுந்தால் மச்சான் தப்பிப்பார். பத்து விழுந்தது. மச்சான் பாதி எழுந்துவிட்டார், இன்னொரு பத்து வந்தாலும் போதும். ரேடியோவின் விரல் கட்டின்மேல் ஒட்டிக்கொண்டது. கடைசிச் சீட்டு ஆறு.

யாரும் கை தட்டவில்லை. மச்சான் ஒரு பெருமூச்சு விட்டு, எட்டிக் கையைக் கொடுத்தார். நல்லா ஆடினீங்க, திங்கட்கிழமையே போய் வீடு பார்க்கிறேன் என்றார். வலித்ததை மறைக்க அவர் முயன்றது எல்லோருக்கும் தெரிந்தது.

மருந்துக்கடைக்காரர் ஜெயித்த முகத்தோடு இல்லை. படியில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய் நின்றார். எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். டீக்கோப்பை, அதன் காது, தேதி போட்ட நோட்டு, அக்காவும் ரேடியோவும் யார் என்பது, எல்லாம். மன்னிப்பை மட்டும் படிக்கட்டைப் பார்த்துக் கேட்டார்.

அவள் நிதானமாகக் கேட்டாள். பிறகு எழுந்தாள்.

"ஒரு மாசமா ரெண்டு பேரும் உக்கார்ந்து சீட்டாடினீங்களே. புதுக் கடையோட லைசன்ஸ் யார் பேர்ல இருக்கு?"

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார்.

"ஒருத்தர் பேர்ல ஒரு கடைதான் நடத்தலாம். உங்க ரெண்டு பேர் பேரும் இந்தக் கடையில மாட்டியிருக்கு, அதனால அதுக்கு என் பேரைப் போடலாம்னு நீங்கதான் தாளை நீட்டினீங்க. நானும் உங்களை மாதிரி பார்மசிப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவதான், அது ஞாபகம் இருந்துதே, அந்த மட்டுக்கும் சந்தோஷம். நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நான் கல்லாவுல இருந்தாத்தான் அங்க ஷட்டரைத் தூக்க முடியும். அண்ணா, நீ எங்கயும் போக வேண்டாம். நான் போறேன்."

மாத்திரை அட்டையை இரண்டு தடவை படிக்கிற மனுஷரும், அவர் படிப்பதைப் படிக்கிற மனுஷரும், ஒரு தாளை ஒரு தடவைகூடப் படிக்காமல் விட்டது ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மருந்துக்கடைக்காரர் மேஜைமேல் குவிந்திருந்த இருநூறு மூடிகளையும் ஒரு பார்வை பார்த்தார். இந்த ஊரிலேயே இருக்கும் உரிமை அதில் முழுசாகக் கிடந்தது.

"நானும் வரட்டுமா?" என்றார்.

"ஒரு மாசம் நீங்க என்னைப் பத்தி யோசிச்சீங்க. ரெண்டு நாள் நான் யோசிக்கிறேன். செவ்வாய்க்கிழமை சொல்றேன்."

அவள் மாடிக்குப் போய்விட்டாள். மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மச்சான் அவர் தோளில் கை வைத்து, என் தங்கச்சியாச்சே, என்ன சொல்வான்னு எனக்கே தெரியாது என்றார். அது ஆறுதலா பயமுறுத்தலா என்று தெரியவில்லை.

அக்காவும் ரேடியோவும் பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்தார்கள். தலைக்குமேல் மாடி ஜன்னல் திறந்திருந்தது. அவள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. புது ஊரில் வீட்டுக்காரரிடம் போலிருக்கிறது. ஆமாங்க, அடுத்த வாரமே வந்துடுறோம் என்றாள். ஒரு படுக்கையறை போதும் என்றாள். பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்க, "இல்லைங்க, நான் மட்டும் இல்லை. ரெண்டு பேர்" என்றாள்.

ரேடியோ அப்படியே திரும்பிக் கடைப் பக்கம் நடந்தாள். பாவம், அந்த மனுஷர் செவ்வாய்க்கிழமைக்குள் இளைத்துத் துரும்பாகிவிடுவார், ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தித் தெருப் பக்கம் திருப்பினார்.

"சீட்டுப் போட்டவ நீ. ஆடுறவங்க கையை நீ திறந்து காட்டக்கூடாது."